பெடலை வாங்கலாம், விரலை வாங்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களிடையே பெருகிவரும் கிட்டார் ஆர்வம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் பயன்படுத்தும் பெடலையும் (காலால் இயக்கி ஒலியை மாற்றும் கருவி) ஆம்பையும் (ஒலிபெருக்கி) வாங்கிவிட்டால் அவருடைய ஒலியும் நமக்கு வந்துவிடும் என்ற பொருளில் அதில் எழுதப்பட்டிருந்ததை, கிருஷ்ணகிரியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கிட்டார் கற்றுத்தருபவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

ராயக்கோட்டை சாலையில் ஒரு மாடியறையில் நடக்கும் எங்கள் வகுப்பில் அவ்வப்போது ஒரு சோதனை வைப்பேன். மற்றவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, ஒரே கிட்டாரில், ஆம்பின் குமிழ்களைத் தொடாமல், நான்கு பேர் அடுத்தடுத்து ஒரே வரியை வாசிப்பார்கள். வாசித்தது யார் என்பதைத் திரும்பி அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு மாணவன் பிரிட்ஜை (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டை) ஒட்டி, பிக்கால் (மீட்டும் சிறு வில்லை) அழுத்தி அடிப்பான். ஒலி தகரத்தில் ஆணி உரசியதுபோல் இருக்கும். ஒரு மாணவி கழுத்துப் பக்கமாகக் கட்டைவிரலின் சதையால் மீட்டுவாள். அதே தந்தி திரண்டு, கனிந்து ஒலிக்கும். இதற்குக் காரணம் எளிய இயற்பியல்தான். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் இயல்புடைய மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் சுரங்கள்) அந்த மீட்டலில் எழுவதில்லை. பிரிட்ஜை நெருங்க நெருங்க மேற்சுரங்களின் பங்கு கூடுகிறது. கை இரண்டு அங்குலம் நகர்ந்தாலே கிட்டாரை மாற்றிவிட்டதுபோல் தோன்றுவது இதனால்தான்.

வீணை கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதும் அன்று. வீணையின் ஒரே மெட்டில் (தந்தியை அழுத்தும் பித்தளைக் கட்டை) தந்தியை இழுத்து இழுத்துச் சுரங்களை வரவழைத்த எஸ்.பாலசந்தரின் வாசிப்பையும் சிட்டிபாபுவின் வாசிப்பையும் வானொலியில் அரை நிமிடம் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்கள் பிரித்தறிந்து சொல்வார்கள்.

கருவிக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. கை எதைக் கேட்கிறதோ அதற்கேற்பக் கருவியைத் தேடியவர்களுக்கே தனி ஒலி அமைந்தது என்பதுதான் என் கருத்து. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கமகத்துக்கு இடம் கொடுக்காத இரட்டைத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை வாசித்தார். இங்கிலாந்தின் குயீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963-ல் தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்து பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் அவர் மீட்டுவதால், அதன் வரிவரியான விளிம்பு தந்தியில் உரசும் கரகரப்பும் அவருடைய ஒலியில் சேர்ந்தே வருகிறது. பர்மிங்காமைச் சேர்ந்த, பிளாக் சப்பாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடக்கைப் பழக்கமுள்ளவர். தகரத் தொழிற்சாலை விபத்தில் தந்தியை அழுத்தும் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பிற்பாடு சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். இன்று எத்தனையோ இளைஞர்கள் அயோமியின் கனத்த ஒலியைப் பெடலில் தேடுகிறார்கள். அது காயம்பட்ட விரல்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து பிறந்தது.

எதிரொலிப் பெடலையே வாசிப்பின் பாதியாக்கிக்கொண்ட, யூ2 ராக் குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ் போன்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எதிரொலி திரும்பிவரும் கணத்துக்குச் சரியாக விரல் விழாவிட்டால் கேட்பது வெறும் குழப்பமே. இருபத்திரண்டு வயதில், ஓராண்டுச் சேமிப்பைக் கொண்டு பெங்களூரில் வாங்கிவந்த ஒரு பெடலில் நானே இதை அனுபவித்திருக்கிறேன். என் தாளம் எங்கெல்லாம் பிசகுகிறது என்பதை அது ஒன்றுக்கு நான்கு முறை திருப்பிச் சொன்னது.

மாம்பழப் பருவம் முடிந்து கையில் பணம் புழங்கும் நாள்களில், "சார், பையனுக்கு எந்த ப்ராசசர் வாங்கலாம்?" என்று, பல பெடல்களின் வேலையை ஒன்றாகச் செய்யும் கருவியைப் பற்றிக் கேட்டு வரும் பெற்றோர் அதிகம். மாணவனின் கிட்டாரை வாங்கிப் பார்த்தால் தந்திகள் துருவேறி, பலகையிலிருந்து எழும்பி நிற்கும்; அழுத்தினால் பிள்ளையின் விரல் சிவந்துபோகும். அந்த நிலையில் தந்தியை இழுத்து அசைக்கவோ மென்மையாக மீட்டவோ யாராலும் முடியாது. புதிய தந்திகள் பூட்டி, உயரத்தைச் சரிசெய்து, ஆறு மாதம் வெறும் ஆம்பில் வாசிக்கவிட்டு, அதன் பிறகு வரச்சொல்லி அனுப்புகிறேன். இதற்கு ஆகும் செலவு ப்ராசசர் விலையில் சிறு பகுதிதான். தங்கள் இணைப்பில் அடுத்த முறை இதுபோன்ற கட்டுரை வெளியாகும்போது, பெடல்களின் விலைப்பட்டியலுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியையாவது இந்த அடிப்படை வேலைகளுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.