அம்மாவிடம் சொல்லுங்கள், நான் சிகரெட் பிடிக்கவில்லை

ஜெர்சி சிட்டி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மா, அண்ணி, குழந்தைகள் எல்லோரும் நலம்தானே?

போன வாரம் தொலைபேசியில், "சிகரெட் பெட்டியில் வந்த படம் ஒன்று வாங்கினேன்" என்று அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர்கள் காதில் சிகரெட் மட்டும்தான் விழுந்திருக்கிறது. நான் இங்கே வந்து கெட்டுப்போய்விட்டதாக வீட்டில் முடிவே கட்டியாயிற்று என்று அண்ணி செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தோமே, அதே பைத்தியம்தான் இது. 1880களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் குட்வின் கம்பெனி 'ஓல்ட் ஜட்ஜ்' என்று ஒரு சிகரெட் விற்றது. பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்கள். அதில் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் இருப்பார். அச்சடித்த படமன்று, அட்டையில் ஒட்டிய அசல் புகைப்படம். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்ட பிரதி. (முட்டை சமாச்சாரமும் அம்மாவுக்கு வேண்டாம்.)

என்னிடம் இருப்பது இரண்டரை அங்குல உயரம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம். மூலைகள் மழுங்கி, பெயரும் பாதி அழிந்துவிட்டது. அதனால்தான் என் கைக்கு எட்டியது. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். மட்டையை ஓங்கியபடி ஒருவர் நிற்கிறார், பின்னால் தீட்டிய திரை. பந்து அந்தரத்தில் நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, மேலேயிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்! ஓடும் பந்தை ஸ்டூடியோவுக்குள் படம் பிடிக்க அன்றைய கேமராவால் முடியாது. அவரோ நூலில் ஆடும் பந்தைச் சிரிக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கிறார். இந்த முகத்துக்காகவே வாங்கினேன்.

இதற்கு முன் ஒரு முறை ஏமாந்தேன். வாரச் சந்தையில் ஒரு பெரியவர் பழைய பெட்டியிலிருந்து இப்படி ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அசல் புகைப்படத்தில் புள்ளி இருக்காது, அச்சில்தான் இருக்கும். புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலமாக மின்னியது. அப்படி மின்னவைக்கும் வெளுப்பு மருந்து போன நூற்றாண்டின் நடுவில்தான் தாளுக்கு வந்தது. அந்தப் போலி அட்டையை வைத்து இப்போது காபி டம்ளரை மூடுகிறேன்.

பக்கத்து ஊர் ஹோபோக்கன். 1846 ஜூன் 19 அன்று அங்கே எலிசியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் நிக்கர்பாக்கர் என்ற பேஸ்பால் கிளப், 'நியூயார்க் நைன்' அணியிடம் 23-1 என்று உதைபட்டது. அதுதான் முதல் பேஸ்பால் ஆட்டம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். அதற்கு முன்பும் ஆடியிருக்கிறார்கள் என்று பிறகு தெரியவந்தது. இப்போது மைதானம் இல்லை, தெருமுனையில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

அந்தக் கிளப்பின் விதிகளைப் படித்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். பந்து ஒரு குத்துக் குத்தி எழும்பியதும் பிடித்தால் அவுட்! நம் தெருவின் ஒன் பிட்ச் கேட்ச்சேதான். அது சிறுபிள்ளைத்தனம் என்று பல வருடம் சண்டை போட்டு, 1864 டிசம்பரில்தான் எல்லைக்குள் விழும் பந்துகளுக்கு அந்த விதியை நீக்கினார்கள். நாம் கடைசிவரை நீக்கவேயில்லை.

இன்னொன்று. அப்போது ஜெயித்த அணிக்கு ஆட்டப் பந்தே பரிசு. தங்க நிறம் பூசி, தேதியும் ஓட்டக் கணக்கும் எழுதி அலமாரியில் வைப்பார்கள். ஒரு கண்காட்சியில் அந்தக் காலத்துப் பந்து ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். ஒரே தோலை நான்கு இதழாக வெட்டி மடக்கித் தைத்தது, உரித்த எலுமிச்சைத் தோலை மறுபடி ஒட்டியது போல இருந்தது. 'எலுமிச்சைத் தோல் பந்து' என்றே பெயர். மேலத்தெருக்காரர்களிடம் பந்தயத்தில் ஜெயித்த ரப்பர் பந்தை நீங்கள் தலைமாட்டில் வைத்துத் தூங்கினீர்களே, தேதி எழுதாமல் விட்டுவிட்டோம்.

அடுத்த முறை பரண் ஒழிக்கும்போது என் பிஸ்கட் டின்னைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். தீப்பெட்டிப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. புலியோடு ஒருவன் மல்லுக்கட்டும் படம் மட்டும் அதில் இருக்காது. நீங்கள் எடுத்தது எனக்கு அப்போதே தெரியும்.

அன்புடன்,
தம்பி