வாட்டோவும் உன் அப்பாவும்

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை அப்பா பேச்சை எடுத்ததும் "ஆபீஸ்ல இருந்து கால் வருதும்மா" என்று போனை வைத்துவிட்டாய். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். போனில் ஆரம்பித்தால் நீ நழுவிவிடுவாய், கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். திட்டப்போவதில்லை, பயப்படாதே. பேஸ்பால் வீரர் ஜோயி வாட்டோவைப் பற்றி எழுதப்போகிறேன். அவர் வளர்ந்த, டொராண்டோவின் எடோபிகோவில் நாங்கள் உன்னை வளர்த்தோம். அவர் ரெட்ஸ் அணிக்காக 17 சீசன் ஆடிய சின்சினாட்டியில் இப்போது நீ வேலை பார்க்கிறாய். இதில் உன் அப்பாவுக்கு இருந்த பெருமை உனக்கே தெரியும்.

அப்பாவுக்கு முதலில் பேஸ்பால் பிடிக்கவே பிடிக்காது. கனடா வந்த புதிதில், மட்டையைச் சுற்றிவிட்டு ஓடுவது ஒரு ஆட்டமா என்பார். வாட்டோ ஆடுவதைப் பார்த்த பிறகுதான் மாறினார். எனக்குப் புரியவைக்கவும் அவர் கிரிக்கெட்டைத்தான் எடுத்தார். டெஸ்ட் மேட்சில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை நல்ல பேட்ஸ்மேன் தொடாமல் விடுவானே, அதையே தொழிலாக வைத்திருக்கிற ஆள் இவர் என்றார். பந்து போடுகிற பிட்சர் நான்கு பந்தை வெளியே போட்டுவிட்டால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அப்படி வாட்டோ தன் வாழ்நாளில் 1,365 தடவை நடந்திருக்கிறார். கனடாவில் பிறந்த வேறு யாரும் அத்தனை முறை நடந்ததில்லை. அங்கே இருக்கிற இரண்டு பெரிய லீகில் ஒன்றான நேஷனல் லீகில், அவுட் ஆகாமல் பேஸை அடைகிற விகிதத்தில் ஏழு வருடம் அவர்தான் முதல்.

சின்சினாட்டியிலேயே இதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. 2012-ல் 10 வருடத்துக்கு 225 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் ஆனதும் அந்தப் பேச்சு கூடிப்போனது. இத்தனை பணம் வாங்குகிறவன் பந்தை அடித்து, பேஸில் நிற்கிற ஆட்களை ஓடவைத்து ரன் சேர்க்க வேண்டாமா, நடந்துகொண்டே இருந்தால் எப்படி என்றார்கள். அவர் யாருக்காகவும் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மோசமான பந்தைத் துரத்தினால் அவுட் ஆவோம், அவுட் ஆகாமல் இருப்பதுதான் அணிக்கு லாபம் என்பது அவருடைய கணக்கு. உன் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து "விடு, விடு, அது உன் பந்து இல்லை" என்று அவரோடு பேசிக்கொண்டே பார்ப்பார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் அவர் கை மட்டையில் மேலே ஏறும். கைப்பிடி முனையை விட்டு நன்றாக மேலே தள்ளிப் பிடித்து, முழங்காலை இன்னும் மடக்கி, வீச்சைச் சின்னதாக்கிக்கொள்வார். கிரிக்கெட் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன் ஆசையையெல்லாம் அந்த நிமிஷம் மூட்டை கட்டிவிடுவார். பந்தைத் தொட்டால் போதும், இன்னொரு பந்து கிடைக்கும். தொட்டுத் தொட்டுக் கோட்டுக்கு வெளியே தள்ளி ஃபவுலாக்கியே பிட்சரைக் களைக்கவைத்துவிடுவார். விருது வாங்கிய, கோடிக்கணக்கில் சம்பாதித்த மனிதர் பள்ளிப் பையன் மாதிரி மட்டையைக் குறுக்கிப் பிடிக்கக் கூச்சப்பட்டதே இல்லை. எனக்கு அதில் அவ்வளவு மரியாதை.

நீ படித்த ரிச்வியூ பள்ளியில்தான் அவரும் படித்தார். எடோபிகோ ரேஞ்சர்ஸ் அணிக்காக கானர்வேல் பார்க்கில் ஆடி வளர்ந்த பையன். அப்பா சமையல்காரர், பேஸ்பால் என்றால் உயிர். சின்ன வயதில் மகனோடு பந்து போட்டுப் பிடித்து விளையாடியவர் அவர்தான். அம்மாவும் உணவகத் தொழில், ஒயின் விஷயத்தில் தேர்ந்தவர். நான்கு பையன்களில் மூத்தவர் ஜோயி. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும். கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் பிறந்தவன் ஜனவரியில் வெயிலில் ஆடும்போது, இங்கே இருப்பவன் கூரைக்குக் கீழே வலைக்குள் நின்று அடித்துப் பழக வேண்டும். அங்கிருந்து 2002-ல் ரெட்ஸ் அணி அவரை 44-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சராகத்தான் எடுத்தார்கள், பிறகு முதல் பேஸுக்கு மாற்றினார்கள். மொன்டானாவில் பில்லிங்ஸ், அப்புறம் உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டேட்டன், சட்டனூகா, லூயிவில் என்று சின்ன ஊர்களின் மைனர் லீக் அணிகளில் வருஷக்கணக்காக ஆடி, 2007 செப்டம்பரில்தான் பெரிய லீகுக்கு வந்தார்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இதை மட்டும் நிதானமாகப் படி.

2008 அவருக்கு முதல் முழு சீசன். 24 ஹோம் ரன். அந்த ஆகஸ்டில் அவருடைய அப்பா திடீரென்று இறந்துபோனார். வயது 52. ஜோயி ஊருக்கு வந்தார், கொஞ்ச நாள் இருந்தார், திரும்பிப்போய் ஆடத் தொடங்கிவிட்டார். நன்றாகவே ஆடினார். அந்த வருடத்தின் சிறந்த புதுமுக வீரருக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பையன் சமாளித்துவிட்டான் என்றுதான் தோன்றியிருக்கும்.

அவர் சமாளிக்கவில்லை, உள்ளே போட்டு அமுக்கிவைத்திருந்தார். ஆட்டம் இருந்தவரை அது அமுங்கிக் கிடந்தது. சீசன் முடிந்து வேலை இல்லாமல் போனதும் மேலே வந்தது. 2009 வசந்தத்தில் ஆட்டம் தொடங்கியதும் மறுபடி அமுக்கினார். மே மாதத்தில் உடம்பு அதைக் காட்டிக்கொடுத்தது. தலைசுற்றல் என்று ஆட்டத்தின் பாதியில் வெளியேறினார். காதுக்குள் தொற்று என்றார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அது சரியான பிறகும் நெஞ்சை அடைக்கிற அந்தப் பயம் போகவில்லை. ஒரு நாள் விடிவதற்கு முன், தனியாக இருந்த வீட்டில், தாங்க முடியாமல் 911-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வயது 25. அப்பா போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பையனுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் அம்மா ஞாபகம்தான் வரும்.

ஆட்டத்தை நிறுத்தினார். மருத்துவர்களைப் பார்த்தார், பேசினார். ஜூன் 23-ஆம் தேதி திரும்பி வந்தார். எங்கே தெரியுமா? டொராண்டோவில், நம் ஊர் அணியான ப்ளூ ஜேஸுக்கு எதிராக, சொந்த ஊர் மைதானத்தில். அன்றைக்கு ஆட்டத்துக்கு முன் பத்திரிகையாளர்களிடம் எல்லாவற்றையும் தன் வாயால் சொன்னார். அப்பா இறந்தது, மனச்சோர்வு, பதற்றம், 911, சிகிச்சை எதையும் மறைக்கவில்லை. காது வலி என்று சொல்லி அதோடு முடித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் விளையாட்டு வீரர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம். முழங்கால் வலி என்றால் சொல்வார்கள், மனசு வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். அவர் விருது வாங்கிய நாளைவிட இந்த நாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

விருதும் வந்தது. அதற்கு அடுத்த வருடமே, 2010-ல், 37 ஹோம் ரன்னோடு நேஷனல் லீகின் மிகச்சிறந்த வீரர் ஆனார். 32 முதலிட வாக்குகளில் 31 அவருக்கு. லாரி வாக்கர், ஜஸ்டின் மோர்னோவுக்குப் பிறகு இந்தப் பட்டம் வாங்கிய மூன்றாவது கனடாக்காரர். ரெட்ஸ் அணி 1995-க்குப் பிறகு முதல் தடவையாக பிளேஆஃபுக்குப் போனதும் அந்த வருடம்தான். முதல் ஆட்டத்திலேயே எதிரணி பிட்சர் ராய் ஹாலடே ஒரு ஹிட்கூட விடாமல் அவர்களைச் சுருட்டினார். நம் ப்ளூ ஜேஸில் அத்தனை வருஷம் இருந்தவர் ஹாலடே. யார் பக்கம் கத்துவது என்று தெரியாமல் உன் அப்பா அன்று தவித்தார்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். 2017-ல் அவருக்கு வர வேண்டிய இரண்டாவது மிகச்சிறந்த வீரர் பட்டம் இரண்டே புள்ளியில் மியாமி அணியின் ஸ்டான்டனுக்குப் போனது. 2021-ல், 37 வயதில், தொடர்ந்து ஏழு ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார். இன்னும் ஒன்று அடித்திருந்தால் சாதனையைச் சமன் செய்திருப்பார். உலகத் தொடர் மட்டும் கிடைக்கவில்லை. ஆட்டத்துக்கு வெளியே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த சக வீரர்களோடு அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்று. அதே 2021-ல் சான் டியேகோவில் முதல் இன்னிங்ஸிலேயே அம்பயரோடு சண்டை போட்டு வெளியே அனுப்பப்பட்டார். அவரைப் பார்க்கவே வந்திருந்த ஒரு குட்டிப்பெண் அழுதுவிட்டாள். விஷயம் தெரிந்ததும், முழு ஆட்டமும் ஆடாமல் போனதற்கு வருந்துகிறேன் என்று ஒரு பந்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மறுநாள் அவளைச் சந்திக்கவும் செய்தார். கோபக்காரர்தான், எனக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்கு ஒரு குழந்தையிடம் பதில் சொல்லத் தெரிந்திருந்தது.

2024-ல் அவர் ப்ளூ ஜேஸோடு மைனர் லீக் ஒப்பந்தம் போட்டபோது உன் அப்பா எவ்வளவு குதித்தார்! ரோஜர்ஸ் சென்டரில் அவர் இறங்கும் முதல் நாளுக்கு எல்லோரும் போகிறோம், நீயும் லீவு போட்டு வந்துவிட வேண்டும் என்று உனக்கு போன் போட்டுச் சொன்னாரே. பயிற்சி ஆட்டத்தில் சந்தித்த முதல் பந்தையே ஹோம் ரன் அடித்தார். அதே நாளில், கீழே கிடந்த ஒரு மட்டையை மிதித்துக் கணுக்கால் பிசகிவிட்டது. பிறகு தேறி, பஃபலோவில், ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடுகிற ஊரில், ப்ளூ ஜேஸின் மைனர் லீக் அணியில் ஆடி, பெரிய அணிக்குள் போகக் கடைசிவரை முயன்றார். பந்து சிக்கவில்லை. 40 வயது. ஆகஸ்ட் 21 அன்று தானே ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போட்டு, முடித்துக்கொள்கிறேன் என்றார். டொராண்டோவுக்கும் கனடாவுக்கும் முன்னால் ஆட முழு மனதோடு முயன்றதாகவும், தன்னால் இனி நன்றாக ஆட முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். 356 ஹோம் ரன், 2,135 ஹிட். வாக்கரைவிட 25 ஹிட்தான் குறைவு.

அன்று இரவு உன் அப்பா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "முடியலைன்னா முடியலைன்னு சொல்றான் பாரு" என்றார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவரும் போய்விட்டார்.

நீ வந்தாய், காரியம் முழுக்க இழுத்துப்போட்டுச் செய்தாய், என்னைத் தாங்கிக்கொண்டாய். அடுத்த திங்களே வேலைக்குத் திரும்பினாய். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 2008-தான் நினைவுக்கு வந்தது. நீ ஒரு முறை வாய்தவறிச் சொன்னாய், ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, காபி அதிகமாகிவிட்டது போல என்று. காபியாகவே இருக்கட்டும். ஆனாலும் டாக்டரிடம் போய்ச் சொல். நெஞ்சு விஷயம், முதலில் அதைப் பரிசோதித்துவிடு. அது சரியாக இருந்தால், அப்பா போனதையும் தூக்கம் வராததையும் அவரிடமே சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவரைக் கேட்டு வாங்கு. உங்கள் கம்பெனி காப்பீட்டில் அதற்கு இடம் இருக்கிறது என்று நீயே எனக்கு ஒரு முறை விளக்கியிருக்கிறாய். நம் வீட்டில் யாரும் அப்படிப் போனதில்லை என்று யோசிக்காதே. போகக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை.

என்னிடம் அப்பாவைப் பற்றிப் பேச உனக்குத் தயக்கம் என்றால், நான் உடைந்துவிடுவேன் என்று நீ நினைத்தால், அந்தக் கவலை வேண்டாம். நான் அழுவேன்தான். அழுது முடித்துவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பேன். இரவு இரண்டு மணிக்கு படபடத்தாலும் என்னைக் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்துக்கொண்டு படுக்கிறேன். ரொம்ப முடியவில்லை என்றால் எனக்காகக் காத்திருக்காமல் 911-ஐக் கூப்பிடு.

அடுத்த மாதம் நான் அங்கே வருகிறேன். டிக்கெட் விலை பார்த்துவைத்திருக்கிறேன், தேதி மட்டும் நீ சொல். ஆற்றங்கரையில் இருக்கிற அந்த மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ, அப்பா பார்க்க ஆசைப்பட்ட இடம். முதல் பேஸ் பக்கமாக சீட் கிடைக்குமா என்று பார். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுவருகிறேன், வேறு என்ன வேண்டும் என்று எழுது. நான் வருவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடு. எந்தக் கிழமை என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா