கங்கை ஒப்பந்தம்: நீர் குறையும் நாளுக்கான விதியை முதலில் எழுதுங்கள்

இந்திய – வங்கதேசக் கூட்டு நதிகள் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில், மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணையில் யாருக்கு எவ்வளவு நீர் என்பதற்கு முன்பாக, ஆற்றில் போதிய நீர் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

ஜனவரி 1 முதல் மே 31 வரையிலான காலத்தை 1996 ஒப்பந்தம் பத்துப் பத்து நாட்களாகப் பிரிக்கிறது. ஃபராக்காவுக்கு வரத்து வினாடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் சரிபாதி. 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. அதற்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை இரு நாடுகளும் மாறி மாறிப் பத்து நாட்களுக்கு 35,000 கன அடியை உறுதியாகப் பெறுகின்றன. இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள், வரத்து 50,000-க்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். தகராறு முளைப்பதோ அந்த நாளில்தான். கொல்கத்தா துறைமுகத்துக்கும் பத்மாவின் (வங்கதேசத்தில் கங்கையின் பெயர்) கரை வயல்களுக்கும் ஒரே நேரத்தில் நீர் தேவைப்படும்போது பேச்சுவார்த்தை முடிவதற்குள் பருவமே முடிந்துவிடும்.

வரத்து எவ்வளவு குறைந்தாலும் ஒப்பந்த அட்டவணையில் குறித்த பங்கில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வங்கதேசத்துக்கு உண்டு என்ற உறுதி 1977 உடன்பாட்டில் இருந்தது. 1996-இல் அது இல்லை. அதை அப்படியே மீட்கும்படி நான் கேட்கவில்லை, பற்றாக்குறை முழுவதையும் மேல்மடையான இந்தியாவின் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. இருவரும் எந்த விகிதத்தில் குறைத்துக்கொள்வது என்பதை இப்போதே எண்ணாக எழுதிவிடுங்கள். பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைக்கலாம் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-இல் சொன்ன பிறகும், அந்தக் கணக்கை மாதந்தோறும் எப்படிப் போடுவது என்பதில் நாங்கள் படும் பாட்டை அறிவீர்கள். ஒரே நாட்டுக்குள், உச்ச நீதிமன்றம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை.

1996 அட்டவணைக்கு அடிப்படையான 1949–1988 நீர்வரத்துச் சராசரியையும் புதுப்பிக்க வேண்டும். ஃபராக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் கூட்டுக் குழுக்கள் எடுக்கும் அளவீடுகளை அன்றன்றே பொதுவில் வெளியிடுங்கள். கோடையில் கங்கைக்கு வரும் நீரில் பெரும்பங்கு நேபாளத்தின் துணையாறுகளிலிருந்து வருவதால், அந்நாட்டையும் பேச்சுவார்த்தைக்கு அழைப்பது பற்றி அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையிலிருந்து ஒரு குடிமகன்