கார்னர்பேக்கை எடைபோட ஓட்ட நேரம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இவ்விளையாட்டைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் கட்டுரையாளருக்கு நன்றி. ஆனால், கல்லூரி கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) ஒருவர் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் தேறுவாரா என்பதை 40 யார்டு ஓட்ட நேரத்தையும் அவர் எடுத்த இன்டர்செப்ஷன்களையும் (எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பறிப்பது) மட்டும் வைத்து முடிவுகட்டியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரிசீவரை ஒட்டியே நிற்கும் கார்னர்பேக்கின் பக்கம் பந்தை எறியவே, எறிபவரான குவாட்டர்பேக் தயங்குவார். எறியாத பந்தை யாரும் பறிக்க முடியாது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் (எல்.எஸ்.யு.) ஆடிய டெரெக் ஸ்டிங்லி 2019இல், முதலாண்டு மாணவராக, 6 இன்டர்செப்ஷன் எடுத்தார். மறு ஆண்டில் ஒன்றுகூட இல்லை. 2021இல் பாதத்தில் அடிபட்டு மூன்றே ஆட்டங்களோடு நின்றார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் அவரைத் தேய்பிறை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆயினும் 2022 டிராஃப்டில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கார்னர்பேக் சாஸ் கார்ட்னர் நான்காவதாக நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். அந்தப் பருவத்தில் சிறந்த அறிமுகத் தடுப்பாட்டக்காரர் விருதை கார்ட்னர் வாங்க, ஸ்டிங்லியோ பின்தொடைக் காயத்தால் ஒன்பது ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். இங்கே ஹூஸ்டனில் அப்போது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். 2024இல் அதே ஸ்டிங்லி ஆல்-ப்ரோ (பருவத்தின் தலைசிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் இடம்பிடித்தார். 2025 மார்ச்சில் மூன்றாண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தமும் கிடைத்தது.

ஆட்டப் பதிவில் நான் முதலில் பார்ப்பது இடுப்பை. பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் கார்னர்பேக், ரிசீவர் தோளைச் சற்றே உள்ளே சாய்த்ததும் குதிகாலில் எடையைப் போட்டுவிட்டால், அந்த ஓரடி இடைவெளியை எத்தனை வேகம் இருந்தாலும் மீட்பது கடினம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிசீவராக இருந்து கார்னர்பேக்காக மாறிய ரிச்சர்ட் ஷெர்மன் 2011இல் ஐந்தாம் சுற்றில், 154ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். 2012, 2013 இரு பருவங்களிலும் எட்டெட்டு இன்டர்செப்ஷன் எடுத்தார். பந்து எங்கே வரும் என்பதை ரிசீவரின் கண்ணோடு பார்க்கத் தெரிந்தவர் அவர். அதை எந்த ஓட்டக் கடிகாரம் அளக்கும்?

திடலின் கணக்கையும் கட்டுரை தொடவில்லை. 160 அடி அகலமுள்ள திடலில், கல்லூரி ஆட்டத்தின் ஹாஷ் கோடுகளுக்கு (ஆட்டம் தொடங்கப் பந்து வைக்கப்படும் பகுதியின் இருபுற எல்லைகள்) இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடிதான். ஆகவே கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் வைக்கப்பட்டால் ஒருபுறம் 60 அடியும் மறுபுறம் 100 அடியும் இருக்கும், என்.எஃப்.எல்.லில் அது ஏறக்குறைய 71, 89 என்று நெருங்கிவிடுகிறது. மூன்றாண்டுகள் குறுகிய பக்கத்திலேயே நின்று, எல்லைக்கோட்டையே துணைத் தடுப்பாளராக்கிப் பேர்வாங்கிய ஒருவருக்கு என்.எஃப்.எல்.லில் அந்தத் துணை தேய்ந்துபோகிறது. போதாக்குறைக்கு, ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவர்மேல் கைவைத்தால் என்.எஃப்.எல். நடுவர் விதிமீறல் என்று கொடியை எறிவார். கல்லூரி விதியில் அத்தகைய ஐந்து யார்டு வரம்பு கிடையாது. கையால் பிடித்து நிறுத்தியே பழகியவர்கள் முதல் பருவத்தில் திணறுவதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த டிராஃப்டுக்கு முன் இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வொரு கார்னர்பேக்கும் கல்லூரியில் எந்தப் பக்கம் நின்று ஆடினார் என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்