கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டி மூன்றாவது முறையாகக் கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்

அனுப்புநர்:
நொய்யல் கரையில் நான்கு ஏக்கரில் விவசாயமும் கறவை மாடும் பார்க்கும் பெண்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இதே கிணற்றுக்காக ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருக்கிறேன். ரசீது கையில் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. எங்கள் இடம் தங்களுக்குத் தெரியும். தடுப்பணை தாண்டி, புளியமரத்து வளைவில் இடது பக்கம் இறங்கும் மண் பாதை. தங்கள் ஜீப் அந்த வழியாகத்தான் போகிறது.

1. 2011 ஜனவரியில் சாயக் கழிவு நீர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு எங்கள் கிணறு கொஞ்சம் தெளிந்தது. இப்போது ஒன்றரை வருடமாக, மழை பெய்யும் இரவுகளில் பள்ளத்து ஓடையில் மறுபடியும் நுரை.

2. மூன்று மாடு வைத்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பித் தண்ணி காட்டினால், முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. தவிடும் புண்ணாக்கும் கலக்கி வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்கின்றன. வெயில் காலத்தில் ஒரு கறவை மாட்டுக்கு 60, 70 லிட்டராவது வேண்டும். குழாயில் வரும் ஆத்துத் தண்ணி வீட்டுக்கே பத்தாது. டிராக்டர் தண்ணீர் வாங்குகிறேன்; பால் காசு அதற்கே போய்விடுகிறது. போன மாதம் சினை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பள்ளத்தில் வாய் வைத்தது. நான் பின்னாலேயே ஓடி இழுத்தேன். வரவே மாட்டேன் என்றது. தாகத்தில் குடிக்கிற வாயில்லா ஜீவனை அடித்து இழுத்து வந்தேன் ஐயா. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. முதல் மனுவுக்குப் பிறகு ஓர் அலுவலர் வந்தார். பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கலர் இல்லையேம்மா" என்றார். கலர் இல்லைதான். என் மகள் வேதியியல் படிக்கிறாள். பல சாயங்களில் நைட்ரஜன் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும், மிச்சமாக அரோமாட்டிக் அமீன்கள் என்கிற வேதிப்பொருள்கள் நிற்கலாம், அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை என்கிறாள். சாயக் கழிவைச் சுத்தம் செய்ய, இரும்பு உப்பை வினையூக்கியாக வைத்துப் பெராக்சைடு ஊற்றும் ஃபென்டன் முறையிலும், பிஎச் 3 என்ற அமில அளவில் இருந்து, பெராக்சைடும் நேரமும் போதுமான அளவு கொடுத்தால்தான் அந்த மிச்சமும் உடையுமாம். செலவு பார்த்துப் பாதியில் நிறுத்தினால் நிறம் மட்டும் போகும். அப்புறம் உப்பு. அதை எந்த வினையூக்கியும் உடைக்காது, உப்பை வடிகட்டிப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் மிச்சத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஓட வேண்டும். இதெல்லாம் நான் சொல்லியா தங்களுக்குத் தெரிய வேண்டும்? தெரிந்திருந்தும் ஏன் பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போகிறீர்கள்? மாடு முகர்ந்தே கண்டுபிடிக்கிறதே!

4. கிணற்றிலும் பள்ளத்திலும் தண்ணீர் எடுத்து சி.ஓ.டி. (வேதிக் கழிவு எவ்வளவு என்று காட்டுவது), டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு), அமீன் மூன்றையும் சோதியுங்கள். பகலில், பட்டறைக்குச் சொல்லிவிட்டு வர வேண்டாம். மழை ராத்திரியில் வாருங்கள், நான் டார்ச் பிடிக்கிறேன். முடிவை எழுத்தில் கொடுங்கள்.

5. அதுவரை மாட்டுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

நஷ்ட ஈடு எதுவும் இந்த மனுவில் கேட்கவில்லை. தண்ணீரை எடுத்துச் சோதியுங்கள் என்றுதான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். தயவுசெய்து வாருங்கள் ஐயா. அந்தச் சினை மாடு அடுத்த மாதம் கன்று போடும். கன்று போட்டால் இன்னும் அதிகம் தண்ணீர் கேட்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்