தொண்டை வலியும் ஓ.சி.டி.யும்

சிம்மக்கல், மதுரை

அன்புள்ள மாப்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. அழகர் ஆற்றில் இறங்கியதை இந்த வருஷம் டிவியில்தான் பார்த்தேன். மருந்துக்கடையைப் பெரியவன் கவனித்துக்கொள்கிறான். நான் கல்லாவில் உட்கார்ந்து அவன் வியாபாரத்தில் குறை சொல்கிறேன்.

சரி, உன் பையன் கதிர் விஷயம். ஓ.சி.டி., அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தி, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் அந்த நோய், ரத்தத்தில் வரும் கோளாறு, ஆன்டிபயாடிக் போட்டால் போய்விடும், இப்போது போடும் மாத்திரையை நிறுத்து என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. நம்ம பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் பென்சிலின் ஊசிக்கு வரும் வாதக்காய்ச்சல் பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப் கிருமியால் வருவது அது. அவர்களில் சிலருக்குக் கைகால் தானாக வெட்டி இழுக்கும், கூடவே ஓ.சி.டி. மாதிரி எண்ணங்களும் வரும். கிருமியோடு சண்டை போட உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள், ஆள் தெரியாமல் மூளையின் அடிப்பகுதி நரம்புத் திரள்களையும் தாக்கிவிடுகிறது என்பது கருத்து. இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ என்ற டாக்டர், ஸ்ட்ரெப் வந்த கையோடு ஓ.சி.டி.யோ வெட்டி இழுப்போ திடீரெனக் கிளம்பிய 50 குழந்தைகளைப் பற்றி 1998-ல் எழுதினார். அந்த நிலைக்குப் பேண்டாஸ் என்று பெயர். இன்றுவரை டாக்டர்களுக்குள் அதில் சண்டை ஓயவில்லை.

எங்கள் தெருவில் எட்டு வயசுப் பிள்ளை ஒன்று. காய்ச்சல் விட்ட கையோடு, ராத்திரியோடு ராத்திரியாக மாறிப்போனது. குழாயை முழங்கையால் திறக்கும், விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும், அப்படியும் சோப்பை விடாது. அப்பத்தா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினாள். அதில் எனக்குக் குறையில்லை, மறுநாளே டாக்டரிடமும் போனார்களே. தொண்டைக்கு மருந்து கொடுத்தார்கள், மனநல டாக்டரிடமும் அனுப்பினார்கள். இப்போது தேவலை. எது கேட்டது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

கதிர் கதை அப்படியா? காலேஜ் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஸ்ட்ரெப்புக்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கும் ஏ.எஸ்.ஓ. டெஸ்டில் எண் கூடினாலும், சமீபத்தில் எப்போதோ அந்தக் கிருமி வந்து போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை வைத்து அவன் மாத்திரையை நிறுத்தாதே.

மூளை ரசாயனம் பற்றியும் கேட்டிருந்தாய். செரோடோனின் என்ற மூளை ரசாயனம் குறைவதால்தான் ஓ.சி.டி. வருகிறது என்று பலர் சொல்வார்கள். காய்ச்சலுக்கு டோலோ கேட்கிறது என்பதால் உடம்பில் டோலோ குறைந்துவிட்டது என்றா சொல்வோம்? செரோடோனினைத் தூக்கிவிடும் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை பலருக்கு வேலை செய்கிறது, ஏன் என்பது முழுசாகப் புரியவில்லை, அவ்வளவுதான். மனச்சோர்வுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் போதுமென்றால் ஓ.சி.டி.க்கு 60 வரைகூடப் போவார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூணாவது வாரமே "ஒண்ணும் கேட்கலைண்ணே" என்று அட்டையைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் எங்கள் கடையில் ஏராளம்.

எனக்குப் பிடித்த ஆராய்ச்சி 1992-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. சிலருக்கு இந்த மாத்திரை, சிலருக்கு மாத்திரையே இல்லாமல், பயத்தை நேருக்கு நேர் சந்தித்தும் செய்ததையே திரும்பச் செய்யாமல் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி மட்டும். குணம் தெரிந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தால், இரண்டு கூட்டத்திலும் முன்னே சொன்ன அடிப்பகுதித் திரள்களில் ஒன்றான காடேட்டின் கொதிப்புத்தான் தணிந்திருந்தது. அதனால் ரத்தமா மனசா என்று நீ மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பயிற்சிக்கு அவனை அனுப்பு. அதில் உனக்கும் வேலை உண்டு. "பூட்டியாச்சாப்பா?" என்று அவன் கேட்டால் முதல் தடவை பதில் சொல்லு. திரும்பக் கேட்டால் வாயைத் திறக்காதே. டாக்டரும் அதைத்தான் சொல்வார். தங்கச்சியிடமும் சொல்லிவை, அவள்தான் இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவாள்.

அப்புறம், மாத்திரையை நிறுத்தச் சொன்ன அந்தப் புண்ணியவான் யார் என்று மறக்காமல் எழுது. மிச்சத்தை நான் நேரில் பேசிக்கொள்கிறேன்.

உன்
முருகேசன்