பேச்சைத் திருத்தாமல் எழுதுங்கள்: தமிழ் ஆய்வு அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் வளர்ச்சித் துறைக்கும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும், நம் பல்கலைக்கழகங்களில் மொழியியல் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

ஒலிப்பதிவில் இருக்கும் உரையாடல்களைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. எழுதிக் கொடுத்ததும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 'கொஞ்சம் திருத்திக் குடுத்துடுங்க.' இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான். வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் நாம் பேசிக்கொள்வதை உள்ளபடியே பதிவு செய்து, உள்ளபடியே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி ஒரு தமிழ் உரையாடல் தரவகம் வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தினால் என்ன கெட்டுவிடும்? ரேஷன் கடைக்குப் போய் வந்த ஒரு பெண் பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

"அது வந்துக்கா… நேத்து போனேனா, போனா கடை பூட்டிக் கெடக்கு. சரின்னு திரும்பி வந்துட்டேன், என்ன பண்றது."

திருத்தினால் இது 'நேற்றுச் சென்றேன். கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்' என்று ஆகிவிடும். தகவலில் குறையில்லை. ஆனால் ஆய்வுக்கு வேண்டிய எல்லாம் போய்விட்டது. 'போனேனா' என்பதற்கு வினா வடிவம் இருக்கிறது, ஆனால் அவர் எதையும் கேட்கவில்லை. இன்னும் சொல்ல இருக்கிறது என்று அக்காவைப் பிடித்து வைக்கிறார். அக்கா 'உம்' கொட்டுவதும் அந்த இடத்தில்தான். அடுத்து வரும் 'போனா', 'போனால்' என்பதன் பேச்சு வடிவம். இங்கே நிபந்தனை ஏதும் கிடையாது. போன இடத்தில் எதிர்பாராததைக் கண்டதைச் சொல்ல அது பயன்படுகிறது. நேற்றைய கதைக்கு நடுவில் 'கெடக்கு' என்று நிகழ்காலத்துக்குத் தாவுகிறார். இதையாவது கால வழுவமைதி, அதாவது ஏற்கத்தக்க கால மாற்றம், என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'சரின்னு' என்பதில் தன் மனசுக்குள் சொல்லிக்கொண்டதையே மேற்கோளாகத் தந்துவிடுகிறார். தொடக்கத்தில் வரும் 'அது வந்து', பேச்சைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த அவகாசம். ஒரே மூச்சில் பேசிய பேச்சுக்குள் இத்தனை ஒழுங்கு இருக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் 'போனா'வை இன்னொரு முறை கேளுங்கள். 'அவ போனா' என்றால் போனாள். 'அவன் போனா' என்று சொல்லும்போதும் கடைசி ன் பெரும்பாலும் ஒலிப்பதில்லை; ஆகாரம் மூக்கொலியாக முடிகிறது. ஆணா பெண்ணா என்பதை வினைமுற்றில் காட்டுவது அந்த மூக்கொலி ஒன்றுதான். அதை எழுத நம் எழுத்தில் தனிக் குறி இல்லை. 'போனான்' என்று எழுதினால் ஒலிக்காத எழுத்தை எழுதுகிறோம், 'போனா' என்று எழுதினால் இருக்கும் வேறுபாட்டை அழிக்கிறோம். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறோம். எப்படி எழுதுவது என்று ஒரு பொதுமுறையை வகுக்க உங்களைப் போன்ற அமைப்புகளால்தான் முடியும்.

இதுவரை எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பு ஒலித்தட்டுகளையும் விட்டுச் சென்றது. ஆனால் பேசியவர்களிடம் பைபிளில் வரும் ஊதாரி மைந்தன் கதையைத் தங்கள் மொழியில் சொல்லவைத்தே பெரும்பாலும் பதிந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் பேச்சுத் தமிழையும் கிளைமொழிகளையும் ஆராய்ந்தார்கள், மு. சண்முகம் பிள்ளையின் பணி இன்றைக்கும் அடித்தளமாக இருக்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களையும் பெருமாள்முருகன் கொங்குச் சொற்களையும் அகராதியாக்கித் தந்தார்கள். இவற்றால் வட்டாரச் சொற்கள் பலவும் பிழைத்தன. அந்தச் சொற்களை வைத்து இருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள், யார் எங்கே குறுக்கே பேசினார், எங்கே தயங்கினார் என்பதை அகராதியில் தேட முடியாது.

அதற்கென்று மற்ற நாடுகள் செய்ததைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தேசியத் தரவகத்துக்காக 124 தன்னார்வலர்கள் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியோடு தங்கள் அன்றாடப் பேச்சைப் பதிந்தார்கள். அந்தத் தரவகத்தின் 10 கோடிச் சொற்களில் சுமார் 1 கோடி பேச்சுமொழி. பிறகு 2012 முதல் 2016 வரை மறுபடி சேகரித்து, 668 பேருடைய 1.15 கோடிச் சொற்களைக் கொண்ட புதிய தொகுப்பை வெளியிட்டார்கள். ஜப்பானின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம் அன்றாட உரையாடல்களை 200 மணி நேரத்துக்குக் காணொளியோடு தொகுத்திருக்கிறது. இங்கேயும் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 மொழிகளுக்குத் திரட்டிய பேச்சுத் தரவில் தமிழ் இருக்கிறது. வாசித்த வாக்கியங்களோடு தானாகப் பேசியதும் அதில் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் அது கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கத் திரட்டியது. வீட்டுக்குள் நாள் முழுக்க ஓடும் பேச்சை, பேசியவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்ற விவரத்தோடு மொழி ஆய்வுக்கென்றே யாராவது சேர்க்க வேண்டாமா?

சேர்ப்பதில் உள்ள பெரிய சிக்கலை அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் எப்போதோ சொல்லிவிட்டார்: யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், ஆனால் கவனித்தால்தான் அறிய முடியும். தமிழில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. மைக்கை நீட்டிய உடனே 'வந்தாங்க' போய் 'வந்தார்கள்' வந்துவிடும். நெல்லைக்காரர் தன் 'வந்தாவ'வை மறைத்துக்கொள்வார். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட மேடைத் தமிழுக்கு முயல்வார், தன் பேச்சு மட்டம் என்று அவரிடம் காலமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறோமே. அதனால் பதிவுக் கருவியை அந்தந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள். எதைத் தரலாம், எதை அழிக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும். எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்குங்கள். பெயர், ஊர், தொலைபேசி எண் வரும் இடங்களை மறைத்துவிடுங்கள். குமரி முதல் சென்னை வரை எல்லா வட்டாரமும், எல்லாச் சமூகமும், எல்லா வயதும் வரட்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், மலேசியா, சிங்கப்பூர் ஆய்வாளர்களையும் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள்.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்று வழக்கை, அதாவது மக்கள் பேச்சைத்தான், முதலில் வைக்கிறது. நம் நூலகங்களும் மின்னூலகங்களும் செய்யுளை நன்றாகவே காப்பாற்றி வருகின்றன.

எனவே நான் கேட்பது இதுதான். வரும் கல்வியாண்டிலேயே, நாலைந்து மாவட்டங்களில் மட்டும் என்றாலும் சரி, முன்னோட்டமாக ஒரு தொகுப்பைத் தொடங்குங்கள். எழுத்தாக்கும் விதிமுறையை வகுத்து, பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுங்கள். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒழுங்கான ஊதியம் கொடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்பது அவர்களை வேலை வாங்குகிற பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம், திருத்தித் தரச் சொல்லாதீர்கள்.

நம்பிக்கையுடன்,
பேச்சை எழுத்தாக்கும் ஒரு மொழியியல் மாணவி